புது லாரி டிரைவர் கூடுதல் சம்பளத்துக்காகக் கம்பெனி மாறலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவராவது லாரியோடு தொடர்புள்ளவராக இருப்பார். நானும் அப்படித்தான். பத்தொன்பது வருடம் லைன் வண்டி, அதாவது வெளியூர் லோடு லாரி ஓட்டினேன். முதுகு ஒத்துழைக்காமல் போனதும் இறங்கிவிட்டேன். இப்போது ஒரு புக்கிங் ஆபீஸில் லோடு பார்க்கிற வேலை. வாரத்துக்கு இரண்டு பையன்களாவது டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பேச்சை எடுக்கிறார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதியிருக்கிறேன். சரக்கு லாரிக்குப் புதிதாக வந்தவர்களை மனதில் வைத்து எழுதியது இது. பஸ், டாக்சிக்குக் கணக்கு வேறு.

ஹெவி லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. வேறு கம்பெனியில் கூடுதலாகத் தருகிறேன் என்கிறார்கள். போகலாமா?

இப்போதிருக்கும் இடத்தில் சம்பளம் ஒழுங்காக வருகிறது, வண்டி நல்ல நிலையில் இருக்கிறது என்றால் ஒரு வருடத்தை முடித்துவிட்டுப் போங்கள். ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் ஒரே வண்டியில் பார்த்துவிட்டால் அந்த அனுபவம் உங்களை விட்டுப் போகாது. தார்ப்பாய் கட்டுவது, மலை இறக்கத்தில் எந்த கியரில் விடுவது, குடோனுக்குள் ரிவர்ஸ் எடுப்பது, டயர் சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்தே புரிந்துகொள்வது எல்லாம் முதல் வருடத்தில்தான் படிகின்றன. புது இடத்தில் புதுப் பையனுக்கு நல்ல வண்டி கொடுக்க மாட்டார்கள். இருப்பதிலேயே பழைய வண்டிதான் முதலில் கைக்கு வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. டேங்கர், டிரெய்லர் வைத்திருக்கும் ஓனர்கள் ஒரு டிரைவரிடம் முதலில் கேட்பது, "யாருகிட்ட ஓட்டினே, எத்தனை வருஷம்?" என்றுதான். அங்கே ஒரே பெயரைச் சொல்லி, "ஒன்றரை வருடம், ஒரு விபத்தும் இல்லை" என்று சொல்ல முடிந்தால் அதற்கு மதிப்பு உண்டு.

ஆனால் இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை, பிரேக் சரியில்லை என்று சொல்லியும் வண்டியைப் பட்டறையில் விடவில்லை, தூங்கவிடாமல் ஓட்டச் சொல்கிறார்கள் என்றால் வருடக் கணக்கு பார்க்க வேண்டாம். இந்த நடை (லோடோடு ஒரு தடவை போய் வருவது) முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிடுங்கள்.

கூடுதல் சம்பளம் என்கிறார்களே, அது உண்மையிலேயே கூடுதலா என்று எப்படிக் கணக்குப் போடுவது?

இந்தப் பக்கத்தில் எதையாவது ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். எல்லோரும் சம்பளம் எவ்வளவு, ஒரு நடைக்கு எவ்வளவு என்று கேட்கிறார்கள். வண்டி நிற்கிற நாளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. டிரைவரின் பணம் கரைவது அந்த நாட்களில்தான்.

ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். எண்கள் கணக்குப் புரிவதற்காக நான் வைத்தவை. உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போதிருக்கும் ஓனர் மாதச் சம்பளம் 15,000 ரூபாய் தருகிறார். வெளியே இருக்கும் நாளுக்கு 600 ரூபாய் பேட்டா. மாதத்தில் 24 நாள் வெளியே இருந்தால் பேட்டா 14,400 ரூபாய். இரண்டும் சேர்த்து 29,400 ரூபாய். வெளியில் சாப்பாடு, டீ, குளியல் என்று நாளுக்கு 350 ரூபாய் போகிறது என்று வையுங்கள். 24 நாளைக்கு 8,400 ரூபாய். வீட்டுக்கு வருவது 21,000 ரூபாய்.

புதுக் கம்பெனிக்காரர், "மும்பை நடைக்கு 9,000 ரூபாய். மாசம் நாலு நடை அடிக்கலாம். 36,000 ரூபாய் வரும்" என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சேலத்திலிருந்து மும்பை ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். லோடு ஏற்ற ஒரு நாள். போக மூன்று நாள். அங்கே இறக்கக் காத்திருப்பது ஒரு நாள். ரிட்டர்ன் லோடுக்குக் காத்திருப்பது மூன்று நாள். திரும்பி வர மூன்று நாள். வந்து இறக்க ஒரு நாள். ஒரு நடைக்குப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. அப்படியானால் மாதத்துக்கு இரண்டரை நடைதான், 22,500 ரூபாய். முப்பது நாளும் சாப்பாடு கைப்பணத்தில் என்றால் 10,500 ரூபாய் போகும். வீட்டுக்கு வருவது 12,000 ரூபாய்.

அவர் சொன்ன நாலு நடை நிஜமாகவே நடந்தால் 25,500 ரூபாய் நிற்கும். அப்போது மாறுவது லாபம். ஆனால் நாலு நடை அடிக்க வேண்டுமென்றால் ஒரு நடை ஏழரை நாளில் முடிய வேண்டும். அதனால் போன மூன்று மாதத்தில் அவர்களிடம் ஓடும் ஒரு டிரைவர் எத்தனை நடை அடித்தார் என்று மட்டும் கேளுங்கள். இந்தக் கணக்கில் மாதத்துக்கு மூன்றரை நடைக்குக் குறைந்தால் பழைய இடமே மேல்.

நவி மும்பையில் கலம்போலி லாரி நிறுத்தத்தில் நான் ஐந்து நாள் ரிட்டர்ன் லோடுக்காகக் கிடந்திருக்கிறேன். முதல் நாள் வண்டி கழுவினேன். இரண்டாம் நாள் துணி துவைத்துத் தார்ப்பாய்க் கயிற்றில் காயப் போட்டேன். மூன்றாம் நாளிலிருந்து செய்ய ஒன்றுமில்லை. கேபினில் படுத்துக்கொண்டு கையில் மிச்சம் இருக்கும் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்து போன் வந்தால் எடுக்கத் தயக்கமாக இருக்கும். அந்த ஐந்து நாளுக்கும் எனக்கு ஒரு ரூபாய் கிடையாது. வண்டி நிற்கிற நாளுக்குத் தரும் ஹால்டிங் பேட்டாவை அதற்கு அப்புறம்தான் கேட்கக் கற்றுக்கொண்டேன்.

ஹால்டிங் பேட்டா கேட்டால் தருவார்களா?

சிலர் தருகிறார்கள். பார்ட்டி (சரக்குக்காரர்) வண்டியை இறக்காமல் நிறுத்தி வைத்தால் ஓனர் பார்ட்டியிடம் ஹால்டிங் கேட்பது தொழிலில் எப்போதும் உள்ள வழக்கம். அதில் டிரைவருக்கும் ஒரு பங்கு கேட்பது நியாயம்தான். சேரும்போதே கேட்டுவிடுங்கள். "ரெண்டாவது நாள்லருந்து நிக்கற நாளுக்கு எவ்வளவுங்க?" என்ற ஒரு கேள்வியிலேயே அந்தக் கம்பெனி எப்படிப்பட்டது என்பது பாதி தெரிந்துவிடும். பதில் சொல்லாமல் சிரித்து மழுப்பினால் அங்கே அப்படி ஒன்று இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வாடகையில் கமிஷன் தருகிறேன் என்கிறார்கள். மாதச் சம்பளத்தைவிட அது நல்லதா?

வாடகை ஏறும் மாதத்தில் நல்லது. இறங்கும் மாதத்தில் ஓனரோடு சேர்ந்து நீங்களும் நஷ்டப்படுவீர்கள். வாடகை எவ்வளவு பேசினார்கள் என்பது உங்களுக்குத் தெரியாவிட்டால் கமிஷன் கணக்கும் உங்கள் கையில் இல்லை. பில்லைக் கண்ணில் காட்டும் ஓனரிடம் மட்டும் கமிஷனுக்கு ஒத்துக்கொள்ளுங்கள்.

கமிஷன் முறையில் ஓவர்லோடு ஆசையும் கூடவே வரும். கூட ஐந்து டன் ஏற்றினால் உங்களுக்கும் கொஞ்சம் வரும் என்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஐந்து டன் கூடினால் 30,000 ரூபாய். அதை யார் கட்டுவது என்று முன்பே பேசிக்கொள்ளாவிட்டால் சோதனையில் மாட்டிய இடத்தில்தான் பேச வேண்டியிருக்கும். அப்போது போனில் யாரும் எடுக்க மாட்டார்கள்.

டீசல் மிச்சம் பிடித்தால் தனிப் பணம் என்கிறார்களே?

நல்ல ஏற்பாடுதான், வைக்கும் அளவு நியாயமாக இருந்தால். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை வண்டியின் வயது, லோடு, மலைப்பாதை எல்லாம் பார்த்து வைக்க வேண்டும். எல்லா வண்டிக்கும் ஒரே அளவு வைத்து, குறைந்தால் சம்பளத்தில் பிடிக்கும் இடத்துக்குப் போகாதீர்கள்.

இதில் எனக்கு ஒரு பயம் உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. டீசல் மிச்சம் பிடிக்க அந்த இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நியூட்ரலில் என்ஜின் வண்டியைப் பிடிக்காது. மொத்த பாரமும் பிரேக் மேல் விழும். பிரேக் லைனர் சூடேறிப் புகை வரும், அப்புறம் பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. அங்கே நடந்த விபத்துகளை இந்த வட்டாரத்தில் அறியாதவர்கள் கிடையாது. ஒரு இறக்கத்தில் மிச்சமாகும் டீசல் சில நூறு ரூபாய்கூட இருக்காது. ஏறின கியரிலேயே இறங்குங்கள். மைலேஜ் பணம் போனால் போகட்டும்.

புதுக் கம்பெனி நல்லதா என்று வெளியிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது?

ஆபீஸுக்குப் போகும் முன் வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போங்கள். ஒரு காலை நேரம் போதும். டயரைப் பாருங்கள். முன் சக்கரத்தில் ரீட்ரெட் டயர் (மேல் ரப்பர் புதிதாக ஒட்டிய பழைய டயர்) ஓடுகிறதா, ஸ்டெப்னி இருக்கிறதா என்று பாருங்கள். தார்ப்பாயில் எத்தனை ஒட்டு இருக்கிறது என்று பாருங்கள். கிழிந்த தார்ப்பாயால் மழையில் நனைந்த சரக்கின் பணம் டிரைவர் தலையில்தான் விழும். கேபினுக்குள் எட்டிப் பார்த்தால் படுக்கை இருக்கும் நிலை தெரியும். இப்போது புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். அதனால் கம்பெனியில் புது வண்டி எத்தனை, அதை யாருக்குக் கொடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

அப்புறம் அங்கே இருக்கும் டிரைவர் ஒருவரோடு டீ குடியுங்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார், மனித இயல்பு அது. அதை விட்டுவிட்டு, போன நடை எத்தனை நாள் ஆனது, கடைசியாகக் கணக்கு எப்போது முடித்தார்கள், டோல் கேட்டில் ஃபாஸ்டாக்கில் பணம் இல்லாமல் நின்றது உண்டா, ராத்திரி இரண்டு மணிக்குப் பஞ்சர் என்று போன் போட்டால் யார் எடுப்பார்கள் என்று கேளுங்கள். ஒரே வண்டியில் மூன்று நான்கு வருடமாக இருக்கிற ஆள் ஒருவராவது இருந்தால் பெரும்பாலும் தைரியமாகச் சேரலாம். இருக்கிற டிரைவர்கள் எல்லோருமே வந்து மூன்று மாதத்துக்குள் என்றால் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

கிளீனர் உண்டா என்பதையும் விடாமல் கேளுங்கள். இப்போது பாதி வண்டியில் கிளீனர் கிடையாது. கயிறு கட்டுவது, தார்ப்பாய் இழுப்பது, ரிவர்ஸில் பின்னால் நின்று பார்ப்பது எல்லாம் டிரைவர் ஒருவர் தலையில். அதற்கு ஏதாவது தருகிறார்களா என்று பாருங்கள்.

வேலைக்குச் சேரும்போது எழுத்தில் ஏதாவது வாங்க முடியுமா?

வாங்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி வேலை நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். வேலையை விட்டால் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இரண்டு மூன்று வண்டி வைத்திருக்கும் ஓனர் கடிதம் எல்லாம் அடித்துக் கொடுக்க மாட்டார், எனக்கும் தெரியும். அப்படியானால் பேசினதை வாட்ஸ்அப்பில் நீங்களே அனுப்பிவிடுங்கள். "அண்ணா, சம்பளம் இவ்வளவு, பேட்டா இவ்வளவு, ஹால்டிங் இவ்வளவுன்னு பேசினோம். சரிதானுங்களா?" என்று கேட்டு, அவர் சரி என்று பதில் போட்டால் அதை அழிக்காமல் வைத்திருங்கள். சம்பளத்தை ரொக்கமாக வாங்காமல் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். நாளைக்கு விபத்து என்று வந்தால் நீங்கள் அவரிடம் வேலை செய்தீர்கள் என்பதற்கு அதுதான் சான்று.

புது இடத்தில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிப்பதால் கையில் குறைவாக வருகிறதே?

கையில் குறையும். ஆனால் அதைச் சம்பளத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய் என்றால் உங்கள் பங்கு 12 சதவீதம், 1,800 ரூபாய். கம்பெனியும் அதே 1,800 ரூபாய் போடும். வருடத்துக்கு கம்பெனி போடுவது மட்டும் 21,600 ரூபாய். அதில் ஒரு பகுதி பென்ஷன் கணக்குக்குப் போகிறது, பத்து வருடப் பணி சேர்ந்தால் பென்ஷன் கிடைக்கும். ஆகையால் கம்பெனி மாறும்போதெல்லாம் பணத்தை எடுத்துச் செலவழித்துவிடாமல் பி.எஃப். கணக்குக்கான பழைய யு.ஏ.என். எண்ணையே புது இடத்தில் கொடுத்துக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு. உங்களிடம் பிடிப்பது முக்கால் சதவீதம்தான். குடும்பத்துக்கே வைத்தியம் கிடைக்கும். நோயில் படுத்தால், சந்தா ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கும்பட்சத்தில், வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வரும். இடுப்பு பிடித்துக்கொண்டு நான் இரண்டு மாதம் படுத்திருந்தபோது எனக்கு இது கிடையாது. வீட்டில் நகைதான் அடகுக் கடைக்குப் போனது.

சின்ன ஓனர்களிடம் இவை இருக்காது. அப்படியானால் தமிழ்நாடு அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். வங்கியில் வருடத்துக்கு 20 ரூபாயில் 2 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு இருக்கிறது, பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனா. அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. விபத்தில் எனக்கு ஏதாவது ஆனால் அதில் வரும்தானே?

இதில் பலர் ஏமாறுகிறார்கள். பாலிசியில் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு என்று இருக்கும். அது ஓனருக்கு உரியது, சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்கு அது வராது. டிரைவருக்குத் தொழிலாளர் இழப்பீடாக வர வேண்டியது தனி. அதற்கு வேலை செய்ததற்கான சான்று வேண்டும், செல்லுபடியாகும் லைசென்ஸ் வேண்டும். போக்குவரத்து வாகன லைசென்ஸ் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. தேதியைப் போனில் குறித்து வையுங்கள். பாலிசியின் ஒரு நகலை வாங்கி, டிரைவர், கிளீனருக்கான பாதுகாப்பு சேர்த்திருக்கிறதா என்று புரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள்.

டேங்கருக்கு மாறினால் நல்ல சம்பளம் என்கிறார்களே?

உண்மைதான், பல இடங்களில் கூடுதல். நாமக்கல்லில் கேஸ் டேங்கர் ஓனர்கள் நிறைய. இதில் ஒரு பெரிய நன்மை, வாடகையைப் போக வர இரண்டுக்கும் சேர்த்துக் கணக்கிடுவதால் ரிட்டர்ன் லோடுக்காகக் கிடக்க வேண்டாம். ஆனால் லோடு ஏற்றும் இடத்தில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

ஆபத்தான சரக்கு ஓட்ட லைசென்ஸில் தனி ஒப்புதல் வேண்டும். அதற்கு மூன்று நாள் பயிற்சி. ஒப்புதல் மூன்று வருடத்துக்குத்தான். நாமக்கல்லிலேயே அசோக் லேலண்ட் ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருக்கிறது, என்னென்ன பயிற்சி நடக்கிறது என்று நேரில் போய் விசாரியுங்கள். ஒரு விஷயத்தைப் பலரும் யோசிப்பதில்லை. சரக்கு லாரியில் ஓரமாக நிறுத்திச் சோறு பொங்கிச் சாப்பிடலாம். டேங்கரில் அடுப்பு பற்றவைக்கவே கூடாது, காலி டேங்கரிலும் கேஸ் மிச்சம் இருக்கும். மூன்று வேளையும் ஓட்டல்தான். சம்பளம் கூடுவதில் ஒரு பகுதி அங்கே போகும். முதல் வருடத்தில் டேங்கர் வேண்டாம் என்பது என் கருத்து. திரவம் தளும்பும் வண்டியைத் திருப்புவதும் பிரேக் போடுவதும் வேறு பழக்கம்.

சம்பளம் கூடாவிட்டாலும் பெரிய வண்டி பழகுவதற்காக மாறலாமா?

தாராளமாக. பணத்துக்காக மாறுவதைவிட எனக்குப் பிடித்த காரணம் இது. ஆறு சக்கர வண்டியிலேயே ஐந்து வருடம் இருந்தவரைவிட டாரஸ் மாதிரிப் பெரிய வண்டி, டிரெய்லர் பழகியவருக்கு வேலை சுலபமாகக் கிடைக்கும். ஆயிரம் இரண்டாயிரம் குறைந்தாலும், அனுபவமுள்ள ஒரு டிரைவரோடு டபுள் டிரைவராக ஆறு மாதம் விடுகிறார்கள் என்றால் போங்கள். டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதற்குப் பணம் வைத்து மதிப்புப் போட முடியாது.

இப்போதைய ஓனரிடமே கூடக் கேட்டுப் பார்க்கலாமா?

முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். வண்டி ஏற்றுகிற அவசரத்தில் கேட்காதீர்கள். நடை முடித்துக் கணக்குப் பார்க்கும் நேரத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மூன்று மாதத்தில் எத்தனை நடை, எத்தனை நாள் நின்றது, டீசல் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருங்கள். "வேற கம்பெனில கூப்பிடறாங்க" என்று ஆரம்பித்தால் அவர் முகம் மாறிவிடும். "அண்ணா, சம்பளத்தை ஏத்திக் கேக்க வரலீங்க. போன மூணு மாசத்துல பத்தொன்பது நாள் சும்மா நின்னிருக்கேன். அந்த நாளுக்கு மட்டும் ஒரு பேட்டா போட்டுக் குடுங்க" என்று நோட்டை நீட்டினால் பெரும்பாலான ஓனர்கள் யோசிப்பார்கள். நல்ல டிரைவர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களுக்குத் தெரியும். புது ஆளிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு ராத்திரி தூங்காமல் இருப்பவர்கள் அவர்கள்.

அட்வான்ஸ் வாங்கியிருக்கிறேன், ஒரிஜினல் லைசென்ஸும் ஓனரிடம் இருக்கிறது. எப்படி மாறுவது?

அட்வான்ஸைத் தீர்க்காமல் போகாதீர்கள். புதுக் கம்பெனி பழைய அட்வான்ஸை அடைத்துக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றால் கடன் ஆளைத்தான் மாற்றுகிறது, குறையவில்லை. அந்தக் கடன் தீரும் வரை அவர்கள் என்ன சொன்னாலும் தலையாட்ட வேண்டியிருக்கும். மாதாமாதம் பிடிக்கச் சொல்லி முடித்துவிட்டு நிம்மதியாகக் கிளம்புங்கள்.

லைசென்ஸை யாரிடமும் அடகு மாதிரிக் கொடுக்காதீர்கள். அது உங்கள் ஆவணம். போனில் டிஜிலாக்கர் செயலியிலோ எம்பரிவாகன் செயலியிலோ ஏற்றி வைத்தால் வழியில் காட்ட அது செல்லும். கொடுத்துவிட்டிருந்தால் முதலில் நயமாகக் கேட்டு வாங்குங்கள், மறுத்தால் ஊரில் இருக்கும் லாரி உரிமையாளர் சங்கத்தில் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

வேலையை விடும்போது கவனிக்க வேண்டியது என்ன?

என் கதையைச் சொல்கிறேன். இருபத்தேழு வயதில் ஒரு கம்பெனியை விட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு வண்டியை நிறுத்தி, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டேன். பத்து நாள் கழித்துக் கணக்கு முடிக்கப் போனால், ஜாக்கி இல்லை, ஒரு தார்ப்பாய் இல்லை, இரண்டு கயிறு இல்லை என்று சம்பளத்தில் முக்கால்வாசியைப் பிடித்துவிட்டார்கள். நான் விடும்போது எல்லாம் இருந்தது. அதை எப்படி நிரூபிப்பேன்? வாட்ச்மேன், எனக்குத் தெரியாது என்றுவிட்டார்.

அதிலிருந்து பகலில்தான் வண்டியை ஒப்படைத்தேன். ஜாக்கி, ஜாக்கி ராடு, வீல் ஸ்பேனர், ஸ்டெப்னி, தார்ப்பாய், கயிறு, ஆர்.சி., எஃப்.சி., பெர்மிட், இன்ஷூரன்ஸ், டீசல் எவ்வளவு இருக்கிறது, கிலோமீட்டர் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, வாங்குபவரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டேன். இப்போது உங்கள் கையில் போன் இருக்கிறது. ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, அன்றைக்கே ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். பத்து நிமிட வேலை.

நடுவழியில் வண்டியை நிறுத்திவிட்டு மட்டும் வராதீர்கள். எவ்வளவு கோபம் இருந்தாலும் லோடை இறக்கிவிட்டு வாருங்கள். பார்ட்டியின் சரக்கு அதில் இருக்கிறது. அப்படிச் செய்த பெயர் சங்ககிரியிலிருந்து ஹூப்ளி வரை போய்ச் சேர்ந்துவிடும்.

வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை மாறினால் தவறா?

ஒரு தடவை தவறான இடத்தில் சேர்ந்து உடனே வெளியே வந்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறையும் ஐந்நூறு ஆயிரத்துக்காக மாறினால், அடுத்த ஓனர் அட்வான்ஸ் கொடுக்கத் தயங்குவார், நல்ல வண்டி கொடுக்கத் தயங்குவார்.

கல்ஃப் நாட்டில் டிரெய்லர் ஓட்டப் போகலாமா?

இரண்டு மூன்று வருட அனுபவத்துக்கு அப்புறம் யோசியுங்கள். வெளியுறவுத் துறையில் பதிவு பெற்ற ஏஜென்ட் மூலம் மட்டும் போங்கள். இ-மைகிரேட் தளத்தில் பதிவெண்ணைச் சரிபார்க்கலாம். ஏஜென்ட் வாங்கும் சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் உச்சவரம்பு. லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சை நம்பவே நம்பாதீர்கள்.

மாறிப் போன இடம் சரியில்லை. பழைய ஓனரிடம் திரும்பிப் போனால் கேவலமா?

இல்லை. போன வருடம் ஒரு பையன் இப்படி வந்தான். நடைக்கு இவ்வளவு என்ற பேச்சை நம்பிப் போய், நாலு மாதத்தில் ஒன்பது நடைதான் ஓடியிருக்கிறது. பழைய ஓனரைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு எங்கள் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நானே அந்த ஓனருக்குப் போன் போட்டேன். அவர் முதலில் கேட்டது, "வண்டியைக் கழுவி, லிஸ்ட் போட்டு ஒப்படைச்சுட்டுப் போனானே, அந்தப் பையனா?" என்றுதான். மறுநாள் காலையில் வரச் சொன்னார். பையன் போகும்போது நின்ற நாள் கணக்கு எழுதிய நோட்டைக் கையில் கொடுத்து அனுப்பினேன். பழைய சம்பளமேதான் பேசியிருக்கிறார்கள். இரண்டாவது நாளிலிருந்து நிற்கிற நாளுக்கு 300 ரூபாய் என்று கூடவே ஒத்துக்கொண்டாராம். இப்போது அவன் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரா போயிருக்கிறான்.